மஞ்சள் குங்குமம் வைத்த மூல ஆதாரங்கள்

திருப்பதியில் பல்கலைக்கழகங்களுக்குப் பஞ்சமில்லை. இந்தக் கதையில் வருவது அவற்றில் எதுவும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யாரும் வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டாம். இது வேறொன்று. வாசலில் பெரிய வளைவு, வளைவின் உச்சியில் சிமெண்ட் சரஸ்வதி. அம்மன் கையிலிருந்த சுவடி ஒரு மழையில் உடைந்து விழுந்துவிட்டது. திருப்பி ஒட்டவைக்க டெண்டர் விட்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் அந்தக் கை சும்மா நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த வளைவுக்குக் கீழேதான் காஞ்சனா தன் ஆய்வேட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நுழைந்தாள். சத்தியவேடு பக்கத்துக் கிராமத்துப் பெண். சித்தூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். பெயர் தற்காலிக விரிவுரையாளர். அந்தத் தற்காலிகம் தொடங்கிய வருஷம் பிறந்த குழந்தைகள் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன. இந்த வருஷம் கல்லூரி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தது. பொங்கலுக்குள் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டால் வேலை நிரந்தரம். வாங்காவிட்டால் அந்த நாற்காலி அதே வேலைக்குக் காத்திருந்த கிரண்குமாருக்கு. கிரண்குமாரிடம் பட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

அவளுடைய ஆய்வு பாகாலா ரயில் சந்திப்பு வந்தபிறகு சித்தூர் வெல்ல மண்டிகளுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றியது. பழைய ரயில்வே அறிக்கைகள், மண்டிக் கணக்குகள், சர்க்கார் கடிதங்கள் எல்லாவற்றையும் யாரோ புண்ணியவான்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருந்தார்கள். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே பஸ்ஸில் போக வர, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் போனில் படித்தே பாதி ஆய்வை முடித்தவள் அவள். கண் எரியும். பாகாலாவில் பஸ் நிற்கும்போது மூடிக்கொள்வாள்.

ஆராய்ச்சி டீன் பேராசிரியர் ஹரிபிரசாத் ஆய்வேட்டைப் பின்பக்கத்திலிருந்து திறந்தார். அவருக்குச் சொந்த ஊர் புத்தூர். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, கடிதத்தில் இங்கிலீஷ். விதி சொல்லும்போது தெலுங்கு வரும், சாக்குச் சொல்லும்போது இங்கிலீஷ் வரும், திட்டுவதற்கு மட்டும் தாய்மொழிதான்.

"இன்னாம்மா இது? ஆதாரம்னு போட்டு எல்லாம் வெப்சைட்டா இருக்குது."

"அசல் ஆவணங்களோட ஸ்கேன் சார். பழைய ரயில்வே ரிப்போர்ட்டுங்க."

"ரூல் அண்டே ரூல்" என்றார் டீன். "ஆதாரம் அச்சுல இருக்கணும். பொஸ்தகமா இருக்கணும். நம்ம லைப்ரேரியன் பார்த்து சீல் குத்தியிருக்கணும். மூல ஆதாரச் சரிபார்ப்புக் குழுவோட தீர்மானம். நான்தான் சேர்மன்."

"அச்சுல இருக்கறதத்தான் சார் ஸ்கேன் பண்ணியிருக்காங்க. ஒரு எழுத்து மாறாது."

"போட்டோவுல இருக்கற லட்ட துன்ன முடியுமா நீ?"

டீன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "சூடம்மா, இத பாரு, என் தீசிஸ வைவாவுக்கு ஆட்டோவுல ஏத்திக்கினு வந்தோம். எக்சாமினரு ரெண்டு கையால தூக்கிப் பார்த்தாரு. சபாஷ்னாரு. கீழ வெச்சிட்டாரு. ஒரு பக்கம் தொறக்கல. அந்த மரியாதை அச்சுக்குத்தான் கெடைக்கும். உன் வெப்சைட்ட எவன் தூக்கிப் பார்ப்பான்?"

பிறகு அலமாரியிலிருந்து ஒரு தடித்த ஆய்வேட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். கிரண்குமாருடையது. மாதிரிக்கு. நூற்றுக்கு நூறு அச்சு ஆதாரம், எல்லாம் இந்த நூலகத்துப் புத்தகங்கள், ஒவ்வொன்றுக்கும் நீல மையில் சீல்.

காஞ்சனா நூலகத்துக்குப் போனாள். பழைய நூல்கள் பிரிவு மாடியில் இருந்தது. கதவைத் தள்ளியதுமே கற்பூர வாசனை வந்தது. கண்ணாடி அலமாரிகள் வரிசையாக நின்றன; ஒவ்வொரு கண்ணாடிக்கும் மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம். உள்ளே புத்தகங்களின் முதுகில் மஞ்சள் தடவியிருந்தது. பூட்டுகளுக்கு மாலை போட்டிருந்தார்கள். அது எப்போதோ காய்ந்து, நாரும் காம்புமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நூலகர் முனிகிருஷ்ணன் நகரிக்காரர். செருப்பை வெளியில் விடச் சொன்னார்.

"ரயில்வே ரிப்போர்ட் ஒண்ணு வேணும் சார். பார்த்துட்டு இங்கியே குடுத்துடறேன்."

"பொஸ்தகம்லாம் பூஜைல இருக்குதும்மா."

"சரஸ்வதி பூஜையா சார்? அது முடிஞ்சி மாசக்கணக்காச்சே."

"இந்த வருசத்து பூஜை இல்லம்மா. அது ஆச்சி, ரெண்டு மூணு வருசம் முந்தி போட்டது."

விஷயம் இதுதான். அப்போதிருந்த துணைவேந்தர் பக்திமான். சரஸ்வதி பூஜைக்குப் பழைய நூல்கள் முழுவதையும் பூஜையில் வைத்து, தன் கையாலேயே பொட்டு வைத்து, சுற்றறிக்கையும் விட்டார்: மறுநாள் மறுபூஜையைத் துணைவேந்தரே நடத்துவார், அதன்பிறகுதான் புத்தகங்களை எடுக்க வேண்டும். சுண்டல் தின்றுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். ராத்திரியே அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. காலையில் துணைவேந்தர் இல்லை. பிறகு வந்தவர்கள் எல்லோரும் பொறுப்புத் துணைவேந்தர்கள். பொறுப்பு என்றால் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடலாம், தண்ணீர்த் தொட்டி கழுவ உத்தரவிடலாம். கொள்கை முடிவு எடுக்கக் கூடாது. மறுபூஜை என்பது அன்றாட அலுவலா கொள்கை முடிவா என்று கேட்டு வக்கீலுக்கு எழுதியிருந்தார்கள். வக்கீல், பூஜைக்கு நைவேத்தியம் என்ன வைத்தீர்கள் என்று விளக்கம் கேட்டிருந்தார். சுண்டல் கடலையா பயறா என்பதில் ஆபீஸ் இரண்டாகப் பிரிந்து, கோப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"அதுவரிக்கும் யாரும் படிக்கக் கூடாதும்மா. பூஜைல வெச்சத படிச்சா படிப்பு வராதுன்னு உனுக்கு தெரியாதா?" என்று கனிவாகக் கேட்டார் முனிகிருஷ்ணன்.

அன்று சாயந்திரம் ஊரிலிருந்து நைனா, அவள் அப்பா தங்கவேலு, போன் செய்தார். தங்கவேலுவுக்கு மகள் படிப்பில் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று எப்போதும் புரிந்ததில்லை. இருந்தாலும் வாரம் தவறாமல் கேட்பார். காஞ்சனா நடந்ததைச் சொன்னாள்.

"பூஜ போட்டா மறுநா எட்துதானம்மா ஆவணும்?" என்றார் அவர். "கழனி வெட்டற மம்முட்டிக்குங்கூடத்தான் பொட்டு வெக்கறோம். அது அப்டியே கெடந்தா நாம இன்னாத்த துன்றது?"

காஞ்சனா சிரித்தாள். சிரித்தபிறகு அழுகை வந்தது. வேலை போய்விடும் என்று அவரிடம் சொல்லவில்லை.

அந்த ராத்திரியே அவள் தன் ஸ்கேன்களை மறுபடி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். ரயில்வே அறிக்கையின் முதல் பக்கத்தில் மங்கலாக ஒரு முத்திரை இருந்தது. இந்தப் பல்கலைக்கழகத்து நூலகத்தின் முத்திரை. சில பக்கங்கள் தள்ளி, பக்கத்தின் ஓரத்தை அழுத்திப் பிடித்தபடி ஒரு மனிதரின் விரல் விழுந்திருந்தது. விரலில் பெருமாள் உருவம் பொறித்த பெரிய மோதிரம். அந்த மோதிரத்தை அவள் காலையில்தான் பார்த்திருந்தாள்.

"ஆமாம்மா, என் வெரல்தான்" என்றார் முனிகிருஷ்ணன் மறுநாள், போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பூஜைக்கு முந்தி கொஞ்சம் பசங்க மிஷின் கொண்டாந்து படம் புட்ச்சிக்கினு போனாங்க. பக்கம் பறக்குதுன்னு நான்தான் புட்ச்சிக்கினு இருந்தேன். நல்லா விழுந்திருக்குது இல்ல?"

காஞ்சனா அவரையே கூட்டிக்கொண்டு டீன் அறைக்குப் போனாள். ஸ்கேன் செய்ததே இந்த நூலகத்துப் புத்தகத்தைத்தான், சாட்சி இதோ நிற்கிறது என்றாள். சரிபார்ப்புக் குழு அவசரமாகக் கூடியது. முனிகிருஷ்ணனை மேஜைமேல் கையை வைக்கச் சொல்லி, போனில் இருந்த விரலையும் மேஜைமேல் இருந்த விரலையும் குழுவினர் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். அது கழலவில்லை. அதையும் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் டீன் தீர்ப்புச் சொன்னார்.

"மேஜ மேல இருக்கறது அசல் வெரல். அதுல குழுவுக்கு சந்தேகம் இல்ல. போன்ல இருக்கறது ஆன்லைன் வெரல். ஆன்லைன் ஆதாரத்த ஆன்லைன் வெரல வெச்சி ஏத்துக்க முடியாது."

காஞ்சனாவுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பையிலிருந்து கிரண்குமாரின் ஆய்வேட்டை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தாள். "சார், இவர் இதே ரயில்வே ரிப்போர்ட்ல நானூத்திப் பன்னெண்டாம் பக்கம்னு போட்டிருக்காரு. அந்த ரிப்போர்ட்டு இருநூறு பக்கத்துக்குள்ளவே முடிஞ்சிடுது சார்."

"நீ எதுல பார்த்த?"

"ஸ்கேன்ல."

"ஆன்லைன்ல பக்கம் கொறையும். அசல்ல இருக்கும்."

"அசலத் தொறந்து பார்க்கலாமா சார்?"

"பூஜைல இருக்குது."

"பூஜைல இருக்கறப்போ அவர் எப்டி சார் படிச்சாரு? லைப்ரேரி சீல் வேற இருக்குதே."

குழுவினர் எல்லோரும் அவரவர் டீயைப் பார்த்துக்கொண்டார்கள். டீன் மற்றவர்களை அனுப்பிவிட்டு, அவளை உட்காரச் சொன்னார். குரல் இப்போது அப்பன் மகளிடம் பேசுகிற குரலாகிவிட்டது, தெலுங்கு கலக்காத தமிழும் வந்தது.

"நீ கெட்டிக்காரப் பொண்ணு, ஆனா பொழைக்கத் தெரியல. ஆன்லைன்ல ஆதாரம் குடுத்தா இன்னா ஆவும்? எவனோ ஒருத்தன் அழுத்துவான். அழுத்துனா தொறக்கும். தொறந்தா படிப்பான். படிச்சா கேள்வி கேப்பான். இந்தத் துறைக்கு அது நல்லதா? அச்சு அப்டி இல்ல. கண்ணாடிக்குப் பின்னால இருக்குது, யாரும் தொட முடியாது, தப்புன்னு சொல்லவும் முடியாது. அதனாலதான் அதுக்குப் பேரு நம்பகமான ஆதாரம். நீயும் அலமாரிக்கு வெளிய நின்னு அட்டையில இருக்கற பேரெல்லாம் எழுதிக்கோ. பக்கம் உன் இஷ்டம். சீலுக்கு நான் சொல்றேன்."

இப்படி ஒரு மனிதன் வெட்கப்படாமல் சொல்ல முடியுமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. அவர் வெட்கப்படவில்லை, பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நான் படிச்சதத்தான் போடுவேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அதன்பிறகு மறுபூஜை நடத்தக் கோரி மனுமேல் மனு போட்டாள். பதில்கள் வந்தன. ஒன்று, மனுவை அச்சில் தரச் சொன்னது. அச்சில் தந்தபோது, அடுத்தது ஆன்லைனில் பதியச் சொன்னது. சித்தூர்க் கல்லூரியில் கிரண்குமார் ஒருநாள் வந்து வகுப்பறையையும் அவள் நாற்காலியையும் பார்த்துவிட்டுப் போனதாக மாணவிகள் சொன்னார்கள். ஜன்னலோரம் வெயில் அடிக்கிறது, நாற்காலியை நகர்த்திப் போடலாம் என்றாராம்.

மார்கழி பிறந்ததும் அதிசயம் நடந்தது. நிரந்தரத் துணைவேந்தர் ஒருவரை நியமித்துவிட்டார்கள். கூடவே, தரம் பார்க்க வெளியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது, நூலகத்தைத் திறந்து காட்ட வேண்டும் என்ற செய்தியும் வந்தது. மறுபூஜைக்கு நாள் குறித்தார்கள். நாதஸ்வரம் வைத்தார்கள். மாடிப்படியெல்லாம் கோலம். டீனும் துணைவேந்தரும் பட்டுவேட்டியில் வந்தார்கள். மனு கொடுத்தவள் என்பதால் காஞ்சனாவின் கையில் தேங்காய்த் தட்டைக் கொடுத்து முன்வரிசையில் நிறுத்தினார்கள். புரோகிதர் மந்திரம் சொல்ல, துணைவேந்தர் முதல் அலமாரியைத் திறந்து, சரஸ்வதியை வேண்டிக்கொண்டு ஒரு புத்தகத்தை உருவினார்.

அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்தது மண்ணாக அவர் பட்டுவேட்டிமேல் கொட்டியது.

அடுத்ததை எடுத்தார்கள். அதுவும் மண். படையல் பொரியும் வெல்லமும் அலமாரிக்குள்ளேயே விட்டுப்போயிருந்தன. எறும்பு வந்து, எலி வந்து, எல்லோருக்கும் பின்னால் கரையான் வந்து நிதானமாக, ஒரு வரி விடாமல் முடித்திருந்தது. நாதஸ்வரக்காரர் விஷயம் புரியாமல் கெட்டிமேளத்துக்குத் தாவிவிட்டார்.

"எல்லாத்தியும் செல்லு அரிச்சிட்ச்சி" என்று முனிகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

டீன் மட்டும் அசரவில்லை. மைக்கைக் கையில் வாங்கினார். "பெரியோர்களே, இத நாம நஷ்டமா பார்க்கக் கூடாது. இன்னிக்கி அச்சோட மகிமை நிரூபணம் ஆயிருக்குது. கரையான்கூட அச்சத்தான் தேடி வருது. இதுவரிக்கும் எந்தக் கரையானாவது ஆன்லைன தொட்டிருக்குதா? தொடாது. ஏன்னா அதுல சத்து இல்ல." கை தட்டினார்கள். துணைவேந்தரும் வேட்டியை உதறிவிட்டுத் தட்டினார்.

காஞ்சனா தேங்காய்த் தட்டோடு நின்றாள். அந்த அலமாரியில் இருந்தவை எவ்வளவு அருமையான புத்தகங்கள் என்று அந்தக் கூட்டத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் மட்டும்தான் அவற்றைப் படித்திருந்தாள்.

அன்று மத்தியானமே டீன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். தரம் பார்க்கும் குழு வர இன்னும் சில நாள்தான் இருந்தது, அலமாரிகள் காலியாக இருந்தன.

"உன் கையில அந்த பைலுங்க எல்லாம் இருக்குது இல்லம்மா?"

"எது சார்? ஆன்லைன்ல இருக்கறதா?"

"அத அந்தப் பேர் சொல்லாத. பிரிண்ட் எடுத்து பைண்டிங் பண்ணிட்டா பொஸ்தகம். நீ பைலக் குடு. நம்ம குழு உன் தீசிஸ உடனே எடுத்துக்கும்."

பைல்கள் யாருடைய சொத்தும் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதை டீனுக்குச் சொன்னாள். அவருக்கு எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அவள்தான் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள்.

பல்கலைக்கழக வாசலில் ரத்னம்மாவின் ஜெராக்ஸ் கடை ராத்திரி பகலாக ஓடியது. சிவப்பு அட்டை, பொன் எழுத்து. காஞ்சனா போய்ப் பார்த்தபோது ரயில்வே அறிக்கையின் பின்னால் ரத்னம்மா கத்தை கத்தையாக வெள்ளைத் தாளைச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னாக்கா?"

"டீன் சார் சொல்லி அனுப்பினாரும்மா. நானூத்திப் பன்னெண்டு பக்கமாவது வரணுமாம். கொஞ்சம் கூட வந்தாலும் பரவால்லயாம்."

அதுவும் சரிபார்ப்புக் குழுவின் முன் வந்தது. கிரண்குமார் காட்டிய பக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. வெள்ளையாக இருந்தது. காலப்போக்கில் எழுத்து மங்கியிருக்கிறது, ஆனால் பக்கத்துக்குப் பழுதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். காஞ்சனாவின் ஆய்வேட்டில் வெப்சைட் முகவரிகளை ஆபீசே அடித்துவிட்டு, அந்த இடத்தில் அலமாரி எண்ணை எழுதியது. பிறகு ஒவ்வொரு மேற்கோளையும் புதிய சிவப்பு அட்டைப் புத்தகங்களோடு ஒப்பிட்டார்கள். ஒரு எழுத்து மாறவில்லை. இவ்வளவு துல்லியமாக அச்சு ஆதாரத்தைக் கையாண்ட ஆய்வேடு இந்தத் துறையில் இதற்குமுன் வந்ததில்லை என்று தீர்மானம் நிறைவேறியது.

போகிக்கு முன்னால் வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் அன்று காலைதான் மலையிலிருந்து மொட்டையும் சந்தனமுமாக இறங்கியிருந்தார். ஆய்வேட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தியானமா தூக்கமா என்று தெரியவில்லை. மேஜைமேல் சிவப்பு அட்டை ரயில்வே அறிக்கை இருந்தது. பக்கத்தில் முனிகிருஷ்ணன் மஞ்சள் குங்குமக் கிண்ணங்களோடு நின்றிருந்தார். தரம் பார்க்கும் குழு வந்து போய்விட்டது; தேர்வு முடிந்ததும் புத்தகங்களையெல்லாம் பூஜையில் வைத்துப் பூட்டிவிட வேண்டுமாம். மார்கழியில் என்ன சரஸ்வதி பூஜை என்று யாரும் கேட்கவில்லை. விட்டுப்போன வருஷங்களுக்குச் சேர்த்துச் செய்வதாக டீனே சொன்னார்.

டீன் அறிக்கையைத் திறந்து நாலைந்து பக்கம் தள்ளிப் பிரித்தார். பிரித்த பக்கத்தில் ஓரமாக ஒரு விரல் விழுந்திருந்தது. பெருமாள் மோதிரம் போட்ட விரல். டீன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது.

"பார்த்தியாம்மா?" என்று அந்தப் பக்கத்தைச் சபைக்கு உயர்த்திக் காட்டினார். "எந்தக் காலத்து மனுசனோ. பொஸ்தகத்த எவ்ளோ ஆசையா புட்ச்சிருக்கான், அந்த வெரலுகூட அச்சுல பதிஞ்சி போச்சு. இதான் அச்சு. சொல்லும்மா, இந்த மாதிரி ஒரு வெரல் ஆன்லைன்ல கெடைக்குமா?"

முனிகிருஷ்ணன் குங்குமக் கிண்ணத்தை இடதுகைக்கு மாற்றி, வலதுகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சபை முழுவதும் காஞ்சனாவைப் பார்த்தது. தேர்வாளர்கூட ஒரு கண்ணைத் திறந்தார். அவளுக்கு நைனா ஞாபகம் வந்தது, சித்தூரில் ஜன்னலோரம் கிடக்கும் நாற்காலி ஞாபகம் வந்தது.

"கெடைக்காது சார்" என்றாள்.

அத்தனை வருஷ ஆராய்ச்சியில் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான். பட்டம் கொடுத்தது அதற்குத்தான்.